முளையிலே தெரியுமா?

(வாசகர் கூட்டம் ஒன்றில் 2026 பிப்ரவரியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் என்னைக் கூப்பிட்டார்கள். விவசாயம் பற்றியா என்று ஒருவர் கேட்டார். பிள்ளை வளர்ப்பு என்றால் மருமகளையும் கூட்டிவருகிறேன் என்றார் இன்னொருவர். இரண்டும் இல்லை, அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் என்று சொன்னதும் இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. இருந்தும் வந்திருக்கிறார்கள், முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். போகப்போகப் பார்த்தால் அவர்கள் நினைத்தது அவ்வளவு தப்பில்லை என்று தெரியும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். அங்கே ஃபுட்பால் என்பது நம் கால்பந்து இல்லை. இரண்டு முனையும் கூர்ந்த பந்து, தலைக்கவசம், தோள்கவசம், பக்கத்துக்குப் பதினொரு பேர். பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். அதை வாங்கி, யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது என்று இரண்டு மூன்று விநாடிக்குள் முடிவு செய்கிறவன் குவார்ட்டர்பேக். கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவர் மாதிரி. அவர் சரியில்லை என்றால் சமையல் எவ்வளவு நன்றாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. இன்றைக்கு இதற்குமேல் விதிகள் வேண்டாம். முப்பது வருஷம் பார்த்தும் எனக்கே பாதிதான் பிடிபட்டிருக்கிறது.

இந்த ஆட்டம் கல்லூரியில் பிறந்தது. 1869 நவம்பரில் ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் ஆடியதைத்தான் முதல் ஆட்டம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். காசுக்கு ஆடும் இன்றைய லீக் 1920இல்தான் வந்தது. அதற்குள் ஊர்கள் தங்கள் மனசைப் பல்கலைக்கழகங்களிடம் கொடுத்துவிட்டிருந்தன. மிஷிகன் பல்கலைக்கழக மைதானத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். அது இருக்கும் ஆன் ஆர்பர் ஊரின் மொத்த ஜனத்தையும் ஏறக்குறைய அதில் உட்கார வைத்துவிடலாம்.

நான் 1995இல் வேலை நிமித்தமாக இந்தியானா மாநிலத்து ப்ளூமிங்டனுக்குப் போனேன். பக்கத்து வீட்டுக்காரர் சுண்ணாம்புக்கல் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்தவர். அந்தப் பக்கத்துக் கல்லுக்குப் பெரிய பெயர். நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு முகப்புக் கல் அங்கிருந்துதான் போனது. அவருக்கு அப்போது 53 வயது. கைரேகைக்குள் வெள்ளைத் தூசி படிந்து, எவ்வளவு கழுவினாலும் போகாத கை. அந்த இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை என்னை மைதானத்துக்கு அழைத்துப்போனார். வண்டி நிறுத்தும் புல்வெளியில் இறைச்சி சுடும் புகை, பீர், மடக்கு நாற்காலிகள். இதற்கு டெயில்கேட் என்று பெயர். ஆட்டம் தொடங்கிய பிறகும் முக்கால்வாசிப் பேர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. உள்ளே வரமாட்டார்களா என்று கேட்டேன். “அவர்களுக்கு விவரம் தெரியும்” என்றார்.

அந்த வருஷம் 11 ஆட்டத்தில் 2 வெற்றி. இந்தியானா பல்கலைக்கழகம் கூடைப்பந்தில் பெரிய பேர் எடுத்த இடம். ஃபுட்பாலில் மட்டும் தோற்பதற்கென்றே பிறந்தது போலத் தோற்றுக்கொண்டிருந்தது. உயர்மட்டக் கல்லூரி ஃபுட்பாலில் 700 தோல்வியைத் தாண்டிய முதல் பல்கலைக்கழகம் அதுதான். பெரியவர் வாழ்க்கையில் ஒரே ஒரு நல்ல வருஷம் இருந்தது: 1967. அப்போது அவருக்கு 25 வயது. அணி, சீசன் முடிவில் நல்ல அணிகளை அழைத்து நடத்தும் ரோஸ் பவுல் ஆட்டத்துக்குக் கலிஃபோர்னியா வரை போனது. 1968 புத்தாண்டு அன்று 14-3 என்று தோற்றது. ரேடியோவில் கேட்டாராம். தோற்ற ஆட்டத்தை ஒருவர் முப்பது வருஷம் பொன்னே போல் சொல்லிக்கொண்டிருப்பதை நான் அவரிடம்தான் பார்த்தேன்.

பிப்ரவரி வந்தது. வெளியே பனி. காப்பிக்குக் கூப்பிட்டார். சமையலறை மேசையில் மஞ்சள் தாள் குறிப்பேடு ஒன்று. அதில் பென்சிலால் ஒரு பட்டியல். மேலே மூத்த மாணவர்கள், அதற்குக் கீழே மூன்றாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு. அடியில், அன்று காலையில்தான் சேர்ந்திருந்த பள்ளிக்கூடப் பையன்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஊர், உயரம், எடை. “அடுத்த வருஷம் பாருங்கள்” என்றார். கீழே எழுதியிருந்த பெயர்களில் ஒருவனையாவது நேரில் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். இல்லை. எப்படித் தெரியும்? நிமிஷத்துக்கு இவ்வளவு என்று காசு பிடிக்கும் தொலைபேசி எண்கள் அந்தக் காலத்தில் இருந்தன. எந்த ஊர்ப் பையன் எந்தக் கல்லூரிக்குச் சாய்கிறான் என்று ஒரு குரல் அதில் சொல்லும். மனைவிக்குத் தெரியாமல் அவர் அதில் எவ்வளவு செலவழித்தார் என்பது எனக்குத் தெரியும், இங்கே சொல்லமாட்டேன்.

பையன்களைச் சேர்க்கும் இந்த வேலைக்கு ரெக்ரூட்டிங் என்று பெயர். நம் ஐ.பி.எல். ஏலம் மாதிரி என்று நினைக்காதீர்கள். ஏலம் இல்லை, குலுக்கல் இல்லை. தொழில்முறை லீக்கில் போன வருஷம் கடைசியாக வந்த அணிக்குத்தான் புதுப் பையன்களில் முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை. கல்லூரியில் அந்தக் கருணை கிடையாது. பையன் எங்கே வேண்டுமானாலும் போகலாம். எனவே வென்றவனிடமே போவான், வென்றவன் மேலும் வெல்வான். மற்றவர்கள் பெண் கேட்டுப் போவது போலத்தான் போகவேண்டும். ஆண்டுக்குப் பல மில்லியன் டாலர் வாங்கும் பயிற்சியாளர், 17 வயதுப் பையன் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, அவன் அம்மா செய்த உணவை இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிடுவார். பாட்டியிடம் ஆசீர்வாதம் வாங்குவார். கையெழுத்து நாள் அப்போது பிப்ரவரி முதல் புதன்கிழமை. அன்று விடிகாலையிலிருந்து பயிற்சியாளர்கள் ஃபேக்ஸ் இயந்திரத்தைச் சுற்றி நிற்பார்கள். உலகம் முழுக்க ஃபேக்ஸ் செத்த பிறகும் பல வருஷம் அது அங்கே உயிரோடு இருந்தது. 2017இலிருந்து டிசம்பரிலேயே கையெழுத்திட வழி செய்தார்கள். பையன்கள் கையெழுத்திட்ட, 1964இல் வந்த உறுதிப் பத்திரத்தையே 2024இல் எடுத்துவிட்டார்கள்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று நாம் சொல்கிறோமே, அந்த ஒரு வாக்கியத்தின்மேல் அவர்கள் ஒரு பெரிய வியாபாரத்தையே கட்டியிருக்கிறார்கள். நாடெங்கும் பள்ளி மைதானங்களில் ஆள் வைத்துப் பையன்களைப் பார்த்து நட்சத்திரம் போடுகிறார்கள். இரண்டு முதல் ஐந்து வரை. 247ஸ்போர்ட்ஸ் நிறுவனம் ஆண்டுக்கு ஏறக்குறைய 32 பேருக்குத்தான் ஐந்து நட்சத்திரம் தரும். ஏன் 32? தொழில்முறை லீக்கின் முதல் சுற்றில் எடுக்கப்படுகிறவர்கள் 32 பேர் என்பதால். ஆக, ஐந்து நட்சத்திரம் என்பது மார்க் இல்லை, ஜாதகம். மூன்று நான்கு வருஷம் கழித்து இவன் எங்கே இருப்பான் என்று இன்றைக்கே எழுதி வைப்பது.

ஜாதகம் என்று சொன்னதால் பொய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐந்து நட்சத்திரப் பையன் பெரிய லீக்குக்குப் போகும் வாய்ப்பு மூன்று நட்சத்திரப் பையனைவிடப் பல மடங்கு அதிகம். பட் எலியட் என்ற பத்திரிகையாளர் ஒரு கணக்குச் சொன்னார். நான்கு வருஷமாகச் சேர்த்தவர்களில் பாதிக்குமேல் நான்கு, ஐந்து நட்சத்திரமாக இல்லாத கல்லூரி தேசியப் பட்டம் வெல்லாது என்று. வருஷம் தவறாமல் அது பலித்துக்கொண்டே வந்தது. அது எப்போது பலிக்காமல் போனது என்பதற்குத்தான் வரப்போகிறேன்.

நடுவில் தொப்பி விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. பையன் தன் பள்ளி அரங்கத்தில் மேசை போட்டு உட்காருவான். முன்னால் மூன்று நான்கு கல்லூரித் தொப்பிகள். குடும்பம் பின்னால் நிற்கும், கேமரா ஓடும், அவன் ஒன்றை எடுத்துத் தலையில் வைப்பான். ஒரு மாநிலம் குதிக்கும், இன்னொரு மாநிலம் ரிமோட்டைச் சுவரில் எறியும். 2021 டிசம்பரில் அந்த ஆண்டின் முதலிடத்துப் பையன் டிராவிஸ் ஹண்டர் ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்குத்தான் போவான் என்று எல்லோரும் உறுதியாக இருந்தார்கள். அவன் ஜாக்சன் ஸ்டேட்டை எடுத்தான். மிசிசிப்பியில் உள்ள, கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகம். ஃபுட்பாலில் ஒரு படி கீழே ஆடுவது. பிறகு கொலராடோவுக்குப் போய், 2024இல் கல்லூரி ஆட்டக்காரனுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய பரிசான ஹெய்ஸ்மனை வாங்கினான். தாக்குதலிலும் தடுப்பிலும் ஒரே ஆள் ஆடினான். அவன் விஷயத்தில் முளை பார்த்தவர்கள் சொன்னது சரி.

என் மனசில் நிற்பது வேறொரு தொப்பி. 2008இல் நெவாடா மாநிலத்தில் ஒரு சிற்றூர்ப் பையன். பள்ளிக்கூடமே அரங்கத்தில் கூடியிருக்கிறது. மேசையில் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களின் தொப்பிகள். ஒன்றை எடுத்து அணிந்துகொண்டான், ஊரே கைதட்டியது. சில நாளில் விஷயம் வெளியே வந்தது. இரண்டு பல்கலைக்கழகமும் அவனைக் கேட்டதே இல்லை. எல்லாம் அவனே கட்டிய கதை. பெயர் வேண்டாம், அவனும் இப்போது நடுவயதை நெருங்கும் மனிதன். அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. பெரியவர்கள் கூடி ஒரு மேடை போட்டு, அதில் ஏறியவன்தான் ஆண்பிள்ளை என்று ஊருக்குச் சொல்லிவிட்டார்கள். ஒரு பையன் அழைப்பில்லாமல் ஏறிவிட்டான், அவ்வளவுதான்.

அடுத்து டெக்சாஸ் ஏ அண்ட் எம். பிள்ளை வளர்ப்பு என்று வந்தவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். 2022இல் அவர்கள் சேர்த்த பையன்களின் கூட்டத்துக்கு, தரவரிசை போடத் தொடங்கிய காலத்திலிருந்து யாரும் வாங்காத மதிப்பெண் கிடைத்தது. ஒரு லட்சத்துக்குமேல் பேர் உட்காரும் மைதானம், எண்ணெய்ப் பணம், எல்லாம் உண்டு. செப்டம்பர் 10 அன்று அப்பலாச்சியன் ஸ்டேட் என்ற சின்ன அணியைச் சொந்த ஊருக்கு வரவழைத்தார்கள். இப்படி வரும் சின்ன அணிக்குக் காசு கொடுப்பது வழக்கம். வந்து, தோற்று, காசோலையோடு திரும்புவார்கள். இவர்கள் 15 லட்சம் டாலரையும் வாங்கிக்கொண்டு 17-14 என்று ஜெயித்துவிட்டும் போனார்கள். அந்த சீசன் 5 வெற்றி, 7 தோல்வி. அந்தத் தங்கக் கூட்டத்தில் பலர் இரண்டு வருஷத்துக்குள் வேறு வேறு கல்லூரிச் சட்டையில் இருந்தார்கள். பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை 2023 நவம்பரில் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒப்பந்தப்படி, வேலை பார்க்காமல் இருப்பதற்கு அவருக்குத் தரவேண்டிய தொகை ஏழரைக் கோடி டாலருக்குமேல்.

விதை நல்ல விதைதான். மண்ணும் மழையும் பக்கத்துச் செடியும் பற்றி நட்சத்திரம் ஒன்றும் சொல்வதில்லை.

இதற்கு மறுபக்கம் ஜோ பர்ரோ. ஓஹையோ ஸ்டேட்டில் மூன்று வருஷம் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர். படித்துப் பட்டம் வாங்கிவிட்டதால் தண்டனை இல்லாமல் மாறலாம் என்று 2018இல் லூசியானாவின் எல்.எஸ்.யூ.வுக்குப் போனார். 2019 சீசனில் 60 டச்டவுன் எறிந்தார் (பந்து எதிரணி எல்லைக்கோட்டைத் தாண்டினால் டச்டவுன்), அணி 15 ஆட்டமும் வென்றது, ஹெய்ஸ்மனும் கிடைத்தது. அந்தப் பரிசு மேடையில், தான் வளர்ந்த தென்கிழக்கு ஓஹையோவில் பள்ளி முடிந்து வீட்டுக்குப் போனால் சாப்பாடில்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சொன்னார். ஊர் உணவு வங்கிக்கு ஐந்து லட்சம் டாலருக்குமேல் பணம் வந்து குவிந்தது. ஃபுட்பாலோடு சேராத செய்தி, ஆனால் அதை விட்டுவிட்டு அவரைப் பற்றிப் பேச முடியாது.

“தண்டனை இல்லாமல்” என்று சொன்னேன் அல்லவா? அதைத்தான் விளக்கவேண்டும். அந்தக் காலத்தில், படிப்பில் பட்டம் வாங்காத பையன் கல்லூரி மாறினால் ஒரு வருஷம் ஆடக்கூடாது. 2018 வரை, வேறு கல்லூரியோடு பேசவே பழைய பயிற்சியாளர் அனுமதி வேண்டும். இன்னின்ன கல்லூரிக்குப் போகக்கூடாது என்று அவர் பட்டியலே போடலாம். அதே பயிற்சியாளர் என்ன செய்வார்? 2021 நவம்பரில் லிங்கன் ரைலி ஓக்லஹோமாவில் கடைசி ஆட்டம் ஆடிய மறுநாள் கலிஃபோர்னியாவின் யு.எஸ்.சி.க்குப் போய்விட்டார். 2025 நவம்பரில் லேன் கிஃபின், மிசிசிப்பி பல்கலைக்கழகம் 11 ஆட்டம் வென்று பட்டப் போட்டிக்கு நுழையும் நேரத்தில், அதை விட்டு எல்.எஸ்.யூ.வுக்குப் போனார். சோபாவில் உட்கார்ந்து, பாட்டியிடம் ஆசி வாங்கி, உங்கள் பிள்ளை என் பிள்ளை என்று சொன்னவர்கள்தான் இவர்கள். பையனுக்கு மட்டும் விலங்கு.

விலங்கு படிப்படியாகக் கழன்றது. 2018 அக்டோபரில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. பெயர்தான் பெரிது, போக விரும்புகிறவன் பெயரை ஏற்றி வைக்கும் பதிவேடு, அவ்வளவே. ஏற்றிவிட்டால் யாரும் அவனை அழைக்கலாம், அனுமதி வேண்டாம். 2021 ஏப்ரலில், ஒரு தடவை மாறினால் காத்திருக்க வேண்டாம் என்றார்கள். 2023 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு ஃபெடரல் நீதிபதி காத்திருக்கும் விதிக்கு இடைக்காலத் தடை போட, 2024இல், படிப்பு ஒழுங்காக இருந்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. நடுவில் 2021 ஜூலை 1 முதல் பையன் தன் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரக் காசு வாங்கலாம் என்றார்கள். 2025 ஜூனில் ஒரு பெரிய வழக்கு சமரசமாக முடிந்து, கல்லூரியே நேரடியாகக் கொடுக்கலாம் என்று வந்தது. எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து முதல் ஆண்டு உச்சவரம்பு ஏறக்குறைய 2 கோடியே 5 லட்சம் டாலர். இதே காரியத்தை மறைவாகச் செய்ததற்குத்தான் டல்லாஸின் எஸ்.எம்.யூ. பல்கலைக்கழகத்தின் 1987 சீசனையே ரத்து செய்தார்கள். அது எழுந்து நிற்கக் கால் நூற்றாண்டுக்குமேல் ஆயிற்று. அன்று குற்றம், இன்று அதற்குக் கணக்குப் பிரிவு இருக்கிறது.

இதில் எனக்கும் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கும் பேச்சு நின்றுபோகும் அளவுக்குச் சண்டை. கூலிப்படை என்பார் அவர். சட்டையை மாற்றுகிறவனுக்கு நான் ஏன் கைதட்டவேண்டும்? ஒருநாள் கேட்டேன்: நீங்கள் மணிக்கு அரை டாலர் கூடக் கிடைக்கிறது என்று ஒரு கல் ஆலையை விட்டு இன்னொன்றுக்குப் போகவில்லையா? போனேன் என்றார். அப்போது பழைய ஆலை உங்களை ஒரு வருஷம் சும்மா உட்கார்த்தி வைத்ததா? அவர் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். “கல்லுக்கு யாரும் கைதட்டுவதில்லை” என்றார். அதற்கு இன்று வரை என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் பையன் பக்கம்தான் நான். அதில் மாற்றம் இல்லை.

போர்ட்டல் ஒரு வரம் என்று சொல்ல வரவில்லை. ஃப்ளோரிடா ஸ்டேட் அதை வைத்தே 2023இல் 13-0 வரை போனது. குவார்ட்டர்பேக் காயம்பட்டதால் பட்டப் போட்டிக்கு எடுக்கப்படவில்லை. ரசிகர்கள் கொதித்தார்கள். அடுத்த வருஷமும் போர்ட்டலிலிருந்தே ஒரு குவார்ட்டர்பேக்; க்ளெம்சன், ஒரிகன் ஸ்டேட் என்று இரண்டு இடம் பார்த்துவிட்டு வந்தவர். சீசனுக்கு முன் போடும் தரவரிசையில் 10ஆம் இடம். கடைசியில் 2 வெற்றி, 10 தோல்வி. 13-0இலிருந்து 2-10க்கு ஒரே வருஷத்தில். கடையில் வாங்கிய நாற்றை நட்டால் அது வேர் பிடித்தே ஆகவேண்டும் என்று சட்டமா என்ன?

இனி ப்ளூமிங்டனுக்கு வருகிறேன்.

நடுவில் அந்த ஊருக்கு ஒரு சிறு வெளிச்சம் வந்தது. டெர்ரி ஹெப்னர் என்ற பயிற்சியாளர் 2005இல் வந்தார். பயிற்சித் திடலில் கிடந்த ஒரு சுண்ணாம்புக்கல் பாறையைக் கொண்டுவந்து மைதானத்து முனையில் வைத்தார். பையன்கள் அதைத் தொட்டுவிட்டுத்தான் ஆடப் போவார்கள். வழக்கமான 12 ஆட்டத்துக்குமேல் 13ஆவதாக ஒன்று ஆடவேண்டும், அதாவது ஒரு பவுல் ஆட்டத்துக்குத் தகுதி பெறவேண்டும் என்பதே அவர் கேட்டது. 2007 ஜூனில் மூளைப் புற்றுநோயில் இறந்துபோனார். அந்த சீசனின் கடைசியில் பர்டியூ பல்கலைக்கழகத்தை 27-24 என்று வென்று பையன்கள் 13ஆவது ஆட்டத்துக்குப் போனார்கள். கல் அறுத்த நம் பெரியவருக்கு அந்தப் பாறையின்மேல் தனி உரிமை. அதன் ரகம் என்ன, எந்தப் பக்கம் வெட்டினால் சிதறும் என்று எனக்குப் பாடம் எடுத்திருக்கிறார்.

பிறகு மறுபடி இருட்டு. 2023இல் 3 வெற்றி, 9 தோல்வி. அந்த சீசன் முடிவில் கர்ட் சிக்னெட்டி பயிற்சியாளராக வந்தார். இவர் கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்லவேண்டும். 2007இல் நிக் சேபன் அலபாமாவுக்குப் பயிற்சியாளராக வந்தபோது, ஆள் சேர்க்கும் பொறுப்பு சிக்னெட்டியிடம்தான் இருந்தது. அந்த ஏப்ரலில் அலபாமா தன் பையன்களையே இரண்டாகப் பிரித்து ஒரு பயிற்சி ஆட்டம் ஆடியது. முடிவுக்கு அர்த்தமே இல்லாத ஆட்டம். பார்க்க வந்தவர்கள் 92,138 பேர். நம்பிக்கைக்கு ஒரு திருவிழா உண்டென்றால் அதுதான். அந்த சீசனில் அவர்கள் சொந்த ஊரில் லூசியானா-மன்ரோ என்ற சின்ன அணியிடம் தோற்றார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். திருவிழா முடிந்த மறுநாள் குப்பையும் கிடக்குமல்லவா? 2009இல் பட்டம் வந்தது.

ஐந்து நட்சத்திரங்களை வலைபோட்டுப் பிடிக்கும் அந்த வேலையை விட்டு, 2011இல் சிக்னெட்டி பென்சில்வேனியாவில் ஒரு சின்னக் கல்லூரிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். அவர் அப்பா முன்பு பயிற்சி கொடுத்த இடம். அந்த ஊர்ப் பெயரும் இந்தியானாதான். பென்சில்வேனியாவிலும் ஒரு இந்தியானா இருக்கிறது. அங்கிருந்து ஈலான், பிறகு ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகம். 62 வயதில்தான் பெரிய இந்தியானா. வரும்போது ஜேம்ஸ் மேடிசனிலிருந்து ஒரு டஜனுக்குமேல் பையன்களைப் போர்ட்டல் வழியே கூட்டிவந்தார். நட்சத்திரம் இல்லாத பையன்கள், ஆனால் கல்லூரி மைதானத்தில் ஏற்கெனவே இரண்டு மூன்று வருஷம் ஆடிக் காட்டியவர்கள். முளையைப் பார்க்காதே, களத்துமேட்டில் எத்தனை மூட்டை என்று பார் என்பது அவர் கணக்கு. பதினேழு வயது முளையைப் பார்த்து ஜாதகம் எழுதுவதை முன்பு தொழிலாகவே செய்த மனிதர் வந்து சேர்ந்த இடம் இது.

2024இல் 11 வெற்றி, 2 தோல்வி. அந்த டிசம்பரில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து ஃபெர்னாண்டோ மெண்டோசா என்ற குவார்ட்டர்பேக் வந்தார். மயாமிக்காரர், கியூபாவிலிருந்து வந்த குடும்பம். பள்ளியில் அவருக்கு அதிகம் போனால் மூன்று நட்சத்திரம். யேலுக்குப் போவதாகத்தான் முதலில் இருந்தது. சொந்த ஊர்ப் பல்கலைக்கழகம் அவருக்கு இடம் தரவில்லை. 2025இல் இந்தியானா ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. அவர் ஹெய்ஸ்மன் வாங்கினார். ரோஸ் பவுலில் அலபாமாவை 38-3 என்று வென்றார்கள். இந்தியானா ஒரு பவுல் ஆட்டம் வென்று 1991க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. 2026 ஜனவரி 19 அன்று இறுதிப் போட்டி, மயாமியில், மயாமி பல்கலைக்கழகத்தோடு. எதிரணிக் குவார்ட்டர்பேக்கும் ஜார்ஜியாவிலிருந்து மாறி வந்தவர்தான்.

நான் பெரியவர் வீட்டில் இருந்தேன். கடைசிக் கால்பகுதி, நான்காவது முயற்சி, விட்டால் பந்து கைமாறும். மெண்டோசா எறிவார் என்று நினைத்தால் தானே பந்தைத் தூக்கிக்கொண்டு நடுவில் புகுந்தார். ஒருவர் மோதினார், சுழன்றார், இன்னொருவர் மோதினார், கைகால் விரித்துக் கோட்டுக்கு மேலே பாய்ந்து விழுந்தார். 12 கெஜம். அறையில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். பெரியவரைக் காணோம். அவர் சமையலறையில், டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்தபடி நின்றிருந்தார். குழாய் திறந்திருந்தது. “போட்டாரா?” என்று மட்டும் கேட்டார். 27-21. 16 ஆட்டம், 16 வெற்றி. இதற்குமுன் அப்படி முடித்தது 1894இல் யேல். பட் எலியட்டின் கணக்கு பலிக்காமல் போனது அன்றைக்குத்தான்.

கூலிப்படை என்று சொன்னீர்களே என்று நான் அன்றைக்குக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்தான்.

ஆனால் ஒன்று போய்விட்டது, அதையும் சொல்லவேண்டும். அலபாமாவின் ஏப்ரல் திருவிழா பற்றிச் சொன்னேன். 2025இல் பல கல்லூரிகள் அந்த வசந்த கால ஆட்டத்தையே கைவிட்டன. நெப்ராஸ்காவின் பயிற்சியாளர் காரணத்தை மறைக்கவில்லை: டிவியில் நம் பையன்களைக் காட்டினால் மற்றவர்கள் பார்த்துத் தூக்கிக்கொண்டு போவார்கள். கல்யாண வயதுப் பெண்ணைத் திருவிழாவுக்கு அனுப்பாத வீடு மாதிரி ஆகிவிட்டது. 2026 முதல் போர்ட்டல் வருஷத்துக்கு ஒரே தடவைதான் திறக்கும். ஜனவரி 2 முதல் 16 வரை. இந்தியானாவின் இறுதிப் போட்டி 19ஆம் தேதி. அதாவது இந்த வருஷக் கோப்பை முடிவாகும் முன்பே அடுத்த வருஷ அணிக்கான சந்தை கூடி, கலைந்துவிட்டது.

பெரியவரின் மஞ்சள் பட்டியலில் முன்பெல்லாம் ஒரு பெயர் அடியில் நுழையும். வருஷத்துக்கு ஒரு படி ஏறும். நான்காம் வருஷம் உச்சிக்கு வந்து, அடுத்த பிப்ரவரியில் தாளை விட்டுப் போகும். அந்த ஏற்றத்தைப் பார்ப்பதுதான் அவருக்கு ஃபுட்பால். ஆட்டங்களில் பார்க்க என்ன இருந்தது, தோல்விதானே? ஒரு பையன் முதல் வருஷம் பந்தைத் தவறவிட்டான், மூன்றாம் வருஷம் பிடித்தான் என்பதை அவர் தன் பேரன் பல் முளைத்த கதை போலச் சொல்வார். இப்போது வருஷா வருஷம் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதவேண்டியிருக்கிறது. உச்சிக்கு நேராக வந்து இறங்குகிறார்கள். மெண்டோசா அந்தத் தாளில் இருந்தது ஒரே ஒரு வருஷம்.

இங்கே புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால் அவர் வீட்டுக்குப் போனேன். 84 வயது, கை நடுங்குகிறது. மேசையில் புதுக் குறிப்பேடு. மேல்பாதி முழுக்க அவருக்கே பழகாத பெயர்கள், வேறு வேறு கல்லூரிகளிலிருந்து வந்தவை. ஒரு பெயரை எப்படி உச்சரிப்பது என்று என்னைக் கேட்டார்; எனக்கும் தெரியவில்லை. அடியில், கோடு போட்டுப் பிரித்து, பள்ளிக்கூடத்திலிருந்து வரும் பையன்களின் பெயர்கள். கடைசிப் பெயருக்கு நேரே ஒரு விரல்கடை தள்ளி ‘2029’ என்று எழுதியிருந்தார். அவன் நான்காம் ஆண்டு. எத்தனை நட்சத்திரம் என்று கேட்டேன்.

“பார்க்கவில்லை” என்று சொல்லிவிட்டு, பென்சிலைச் சீவ எழுந்து போனார்.